பேரலல் போர்ட்டிலிருந்து ஈதர்நெட்டுக்கு: மேசை சிஎன்சியில் செய்து பார்த்தது

என் 3040 மேசை சிஎன்சியிலிருந்து, அதாவது கம்ப்யூட்டர் சொன்னபடி பலகையைச் செதுக்கும் மிஷினிலிருந்து, பழைய 25 பின் பிரிண்டர் இணைப்பான பேரலல் போர்ட்டைக் கழற்றியாயிற்று. தங்கச்சிமடத்தில் வீட்டுப் பின்கட்டில் மிஷின் இப்போது ஒரே ஒரு லேன் கேபிளில் ஓடுகிறது. வேலை பழைய வேலைதான்: பூவரசம் பலகையில் வீட்டுப் பெயர், சங்கு, கோலம். இதே மாதிரி பழைய மிஷின் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன்.

முன்பு இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர், அதில் மிஷினை ஓட்டும் மாக்3 மென்பொருள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். மாக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. அதனால் புது கம்ப்யூட்டருக்கும் போக முடியாமல், பழையதை நம்பவும் முடியாமல் காலம் போனது. அப்புறம் ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. போர்ட்டின் 25 பின்னில் பாதி பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. ஒய் அச்சு சில நாள் நகரும், சில நாள் கனெக்டரை ஒரு அமுக்கு அமுக்கினால்தான் நகரும்.

மண்டபத்தில் விசைப்படகுகளின் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் செட் எல்லாம் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் அந்த கனெக்டரைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உப்புக்காத்துல எத்தனை பின்னு இருக்கோ அத்தனை ரிப்பேரு. எட்டுப் பின்னுல வேலை முடியும்னா இருபத்தஞ்சு எதுக்கு?" என்றார். ஈதர்நெட் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

ஆனால் பின் எண்ணிக்கையை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பேரலல் போர்ட் முறையில் மோட்டரை ஒரு படி நகர்த்தும் ஒவ்வொரு பல்ஸையும் (மின் துடிப்பு) கம்ப்யூட்டரே நேரடியாகத் தட்டிவிட வேண்டும். மாக்3-ஐ 25,000 ஹெர்ட்ஸில் வைத்தால் 40 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறைதான் அது போர்ட்டைத் தொட முடியும். என் மிஷினில் 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகு), மோட்டரை ஓட்டும் டிரைவர் சர்க்யூட்டில் ஒரு சுற்றுக்கு 1,600 பல்ஸ். அதாவது ஒரு மி.மீ.க்கு 320. நிமிடத்துக்கு 1,875 மி.மீ. வேகம் கேட்டால் விநாடிக்குச் சரியாக 10,000 பல்ஸ் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 100 மைக்ரோ செகண்ட் இடைவெளி. 40-இன் கட்டத்துக்குள் 100 உட்காராது. எனவே ஒன்று 80, அடுத்தது 120 என்று மாறி மாறிப் போகும். சராசரி சரி, ஆனால் மோட்டர் சராசரியில் சுழல்வதில்லை. அந்த வேகத்தில் ஒரு உறுமல் கேட்கும், பலகையில் வளைவான இடங்களில் லேசாக அலை விழும்.

இதற்கு மேல் கம்ப்யூட்டர் கொஞ்சம் தாமதித்தால் அந்தத் தாமதமும் பல்ஸில் ஏறும். ஈதர்நெட் போர்டில் (லேன் கேபிளில் கட்டளை வாங்கி மிஷினுக்கு சிக்னல் தரும் சர்க்யூட்) பல்ஸ் தயாரிக்கும் வேலை அதில் உள்ள எஃப்பிஜிஏ என்ற, வேண்டிய வேலைக்கு அமைத்துக்கொள்ளும் சிப்புக்குப் போய்விடுகிறது. கம்ப்யூட்டர் ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை "இந்த வேகத்தில் போ" என்று சொன்னால் போதும், நடுவில் உள்ள பல்ஸ்களைச் சீராகத் தருவது சிப்பின் பொறுப்பு. ஆகவே லேன் கேபிளின் வேகத்தைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். 100 எம்பிபிஎஸ் தாராளம். கடிகாரம் கம்ப்யூட்டரிலிருந்து போர்டுக்கு இடம் மாறுவதுதான் விஷயம்.

போர்டு தேடும்போது முதலில் கண்ணில் படுவது யுஎஸ்பி டு பேரலல் கேபிள். அதை வாங்கவே வாங்காதீர்கள். அது பிரிண்டருக்கானது, பின்களைத் தனித்தனியாக ஆட்ட விடாது. கம்ப்யூட்டரில் இடம் இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு, லினக்ஸில் ஓடும் சிஎன்சி மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியில் வேலை செய்யும், செலவும் குறைவு. ஆனால் பல்ஸ் பிரச்சினை அப்படியே இருக்கும். மாக்3, மாக்4 பழகியவர்களுக்கு ஈதர்நெட் ஸ்மூத் ஸ்டெப்பர் என்ற போர்டு நல்ல வழி. நான் லினக்ஸ்சிஎன்சிக்குப் போக நினைத்ததால் மெசா 7ஐ92டி என்ற ஈதர்நெட் போர்டை எடுத்தேன். லினக்ஸ்சிஎன்சியின் வேர் 1990-களில் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அரசுத் தர நிர்ணய நிறுவனத்தில் செய்த இஎம்சி மென்பொருளில் இருக்கிறது. இன்றைக்கும் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. இவ்வளவு தரமான ஒன்று காசில்லாமல் கிடைப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

7ஐ92டி-யை எடுக்க இன்னொரு காரணம், அதன் 25 பின் கனெக்டர் பேரலல் போர்ட்டைப் போலவே அமைந்திருப்பது. பழைய போர்ட்டில் 12 அவுட்புட், 5 இன்புட், மொத்தம் 17. இதிலும் ஒரு கனெக்டருக்கு 17 ஐ/ஓ (இன்புட், அவுட்புட் வழிகள்). கையில் இருந்த ஐந்து அச்சு பிரேக் அவுட் போர்டு (கனெக்டரின் பின்களைத் தனித்தனி வயர்களுக்குப் பிரித்துத் தருவது), டிரைவர்கள், வயரிங் எதையும் தொடவில்லை. அந்த வகை போர்டுக்கு ஏற்ற பர்ம்வேரை (போர்டுக்குள் இருக்கும் நிரல்) மெசாஃபிளாஷ் என்ற கருவியால் ஏற்றினால் போதும்.

இணைப்பதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை இரண்டு. மெசா போர்டில் ஒரு ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் சின்ன இணைப்பு) 22 முதல் 25 வரையுள்ள பின்களுக்கு 5 வோல்ட் அனுப்பும். சாதாரண பிரேக் அவுட் போர்டில் அந்த நான்கும் கிரவுண்ட். ஜம்பர் 5 வோல்ட் பக்கம் இருந்தபடி செருகினால் நேரடி ஷார்ட். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே செருகுங்கள்.

அடுத்தது சிக்னலின் அளவு. எஃப்பிஜிஏ தருவது 3.3 வோல்ட், பிரேக் அவுட் போர்டில் அந்தச் சிக்னலை வாங்கி டிரைவர்களுக்கு அனுப்பும் பஃபர் சிப் ஓடுவது 5 வோல்ட்டில். டேபிள் லேம்பின் கீழே லென்ஸ் வைத்து அந்தச் சிப்பின் முதுகில் உள்ள எழுத்தைப் படித்தேன். 74எச்சி என்று இருந்தால் 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அது 'ஆன்' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும், 3.3 அதற்குக் கொஞ்சம் கீழே. 74எச்சிடி என்று இருந்தால் 2 வோல்ட்டே போதும். என்னுடையதில் அந்த 'டி' இருந்தது, நிம்மதி. இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஓடத்தான் செய்யும், ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பி நல்ல பலகையை வைக்க எனக்கு மனம் வராது.

கம்ப்யூட்டர், அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒரு சின்ன டெஸ்க்டாப், மதுரையில் வாங்கியது. லேன் சிப் இன்டெல்லா என்று பார்த்து வாங்கினேன்; ரியல்டெக் சிப்புகளில் பாக்கெட் நேரத்துக்கு வராமல் தொல்லை வருவதுண்டு. டெபியன் 12 லினக்ஸ், அதன் ரியல் டைம் கெர்னல் (நேரம் தவறாமல் வேலை செய்யும் மையப் பகுதி), மேலே லினக்ஸ்சிஎன்சி. (ரியல் டைம் வசதி 2024-இல் 6.12 பதிப்போடு முதன்மை லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது.) பயாஸில் மின்சேமிப்பு அமைப்புகளை நிறுத்தினேன். லேன் கார்டு பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்து ஒன்றாகத் தருவதையும் நிறுத்தினேன். 1 மில்லி செகண்ட் கணக்கில் அது ஆகாது.

ஐபி முகவரியில் கவனம் வேண்டும். போர்டு 192.168.1.121-இல் இருக்கும், வீட்டு வைஃபை ரூட்டரும் பெரும்பாலும் 192.168.1 வரிசையில்தான் இருக்கும். ஜம்பரை மாற்றி 10.10.10.10 ஆக்கி, கம்ப்யூட்டருக்கு 10.10.10.1 கொடுத்தேன். நடுவில் ஸ்விட்ச், ரூட்டர் எதுவும் கூடாது. கம்ப்யூட்டரிலிருந்து போர்டுக்கு நேர் கேபிள், இன்டர்நெட் தனியாக வைஃபையில்.

கேபிள் ஷீல்டு இல்லாத சாதா யுடிபி. ஈதர்நெட் ஜாக்குக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கம்ப்யூட்டரும் மிஷினும் மின்சார ரீதியாகப் பிரிந்தே இருக்கும். இங்கே மணல் தரையில் எர்த் நன்றாக எடுப்பதில்லை; முன்பு கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று இருக்கும், ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டர்) ஆன் ஆகும்போது லிமிட் ஸ்விட்ச் (அச்சு எல்லையைத் தொட்டதைச் சொல்வது) பொய்யாக அடிக்கும். ஷீல்டு கேபிள் போட்டால் இரண்டு பெட்டியும் மறுபடி உலோகத்தால் சேர்ந்துவிடும்.

முதல் ஓட்டத்தில் காதுக்கே வித்தியாசம் தெரிந்தது. அதே 1,875-இல் உறுமல் இல்லை, ஒரே சுருதி. முன்பு 1,500-க்கு மேல் போகப் பயப்படுவேன். இப்போது காலி ஓட்டத்தில் 3,000, அதாவது விநாடிக்கு 16,000 பல்ஸ், சிரமமில்லாமல் போகிறது. வெட்டும் வேகம் பெரிதாகக் கூடவில்லை, அதைத் தீர்மானிப்பது ஸ்பிண்டிலும் பிட்டும்தான். சங்கின் சுருள் வரிகள் மட்டும் நன்றாகத் தெளிந்திருக்கின்றன.

வெட்டாமல் காற்றில் ஓடவிட்டு, நடுவில் லேன் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கியும் பார்த்தேன். திரையில் பிழைச் செய்தி வந்தது, மோட்டர்கள் அப்படியே நின்றன, ஸ்பிண்டில் ரிலே டக்கென்று விழுந்தது. பாக்கெட் வரவில்லை என்றால் போர்டின் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அவுட்புட்களை எல்லாம் நிறுத்திவிடும். பேரலல் போர்ட்டில் கம்ப்யூட்டர் உறைந்தால் ஸ்பிண்டில் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்படித் திடீரென்று நின்றால் ஸ்டெப் தவறியிருக்கும், ஹோம் செய்துவிட்டுத்தான் (அச்சுகளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய்) தொடர வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனுக்கு வாட்ச்டாக் மாற்று இல்லை. அது தனி வயரில் மின்சாரத்தையே துண்டிக்கும்படி இருக்கட்டும்.

உப்புக்கு அண்ணன் சொன்னபடியே செய்தேன். கனெக்டர்களை டேப்பால் மூடிவிட்டு மெசா போர்டுக்கு அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே. அதிகம் சூடாகாத போர்டு என்பதால் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தேன். ஃபேன் வேண்டிய டிரைவர்கள் வேறு பெட்டியில். பிளக்கின் எட்டுப் பின்னிலும் லேசாக சிலிக்கான் கிரீஸ்.

பாக்கி இருப்பது லிமிட் ஸ்விட்ச்களை நார்மலி குளோஸ்டு முறைக்கு (தொடாதபோது இணைந்தும், தொட்டால் பிரிந்தும் இருக்கும்படி) மாற்றுவது. வயர் அறுந்தாலோ அரித்தாலோ மிஷின் தானே நிற்கும். அப்புறம் போர்டின் இரண்டாவது ஹெடரில் (பின் வரிசை) இன்னும் 17 ஐ/ஓ சும்மா இருக்கிறது. அதில் ஒரு கைச்சக்கரம் போட்டு, பலகையின் மூலையைக் கையால் தொட்டுப் பிடிக்க வசதி செய்ய வேண்டும்.