கூட்டு ராப் ஆல்பம்: பாட்டு கைமாறும் இடங்களில் என்னென்ன கெடும்

தன் பீட்டில் (ராப்புக்கு அடியில் ஓடும் தாள இசை) தானே பாடி வெளியிடும் ராப்பர் தப்பு செய்தால், திருத்த வேண்டிய ஆள் ஒருத்தர்தான். இரண்டு பேர் பெயரில் ஆல்பம், அதில் வந்து பாடிவிட்டுப் போகும் நான்கு விருந்தாளிகள் என்று ஆனதும் நிலைமை வேறு. எழுதுவதிலும் பாடுவதிலும் அவ்வளவாகச் சிக்கல் வராது. ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஃபைல் போகும்போது, பெயர் போகும்போது, பங்கு போகும்போதுதான் கெடுகிறது. சென்னையில் ஒரு ராப்பரும் ஒரு பீட்மேக்கருமாக நாங்கள் இருவர் லேபிள் (வெளியீட்டு நிறுவனம்) இல்லாமல் ஒன்பது பாட்டு ஆல்பத்தை முடித்து வெளியிட்ட வேலையை வைத்து, எந்தெந்தக் கைமாற்றத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதுகிறோம்.

தமிழில் இந்தக் கூட்டு முறைக்கு முன்னோடிகள் உண்டு. 2006-இல் மலேசியாவிலிருந்து வந்த ‘வல்லவன்’ யோகி பி & நட்சத்ரா என்ற குழுவின் ஆல்பம். 2019-இல் வந்த ‘தெருக்குறள்’ அறிவு, ஆஃப்ரோ இருவர் பெயரையும் தாங்கி வந்தது. பீட் போட்டவர் பெயர் முகப்பில் வரப்போகிறதா, பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் வரப்போகிறதா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். பின்னால் வரும் பாதி வேலை அந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

அடுத்து நீளக் கணக்கு. 92 பி.பி.எம்-இல் (நிமிடத்துக்கு 92 தட்டு) நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.6 விநாடி. 16 பார் வெர்ஸ் (ராப் பகுதி) ஏறக்குறைய 42 விநாடி, 8 பார் ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) 21 விநாடி. நாலு பார் இன்ட்ரோ, இரண்டு வெர்ஸ், மூன்று ஹூக் என்றால் 2 நிமிடம் 36 விநாடி. விருந்தாளிக்கு இன்னொரு 16 பாரும் அதற்குப் பின் ஒரு ஹூக்கும் சேர்த்தால் 3 நிமிடம் 39 விநாடி ஆகிவிடும். அதனால் “12 பார், ஹூக்குக்கு அப்புறம்” என்று எழுதியே அனுப்பிவிடுங்கள். “பாடி அனுப்புங்க, பாத்துக்கலாம்” என்றால் 24 பார் வரும். வந்ததை வெட்டினால் மனஸ்தாபம்தான் மிச்சம்.

ஸ்பாட்டிஃபையில் ஏழு பாட்டு அல்லது 30 நிமிடத்துக்கு மேல் இருந்தால்தான் ஆல்பம் பிரிவில் விழும். அரை மணிக்குள் நான்கு முதல் ஆறு பாட்டு என்றால் அது ஆல்பத்தைவிடச் சின்னத் தொகுப்பான இ.பி. எண்ணிக்கையை ஏற்றுவதற்காக 25 விநாடி ஸ்கிட்டை (பேச்சுத் துண்டை) தனி ட்ராக்காகப் போடாதீர்கள். 30 விநாடி ஓடினால்தான் அங்கே ஒரு ஸ்ட்ரீம் கணக்காகும். 25 விநாடி ட்ராக்குக்கு எத்தனை பேர் கேட்டாலும் கணக்கு பூஜ்யம். ஸ்கிட்டை முந்தைய பாட்டின் வாலில் ஒட்டிவிடலாம். தலையில் ஒட்டினால் கேட்பவர் தாவிப் போய்விடுவார்.

மைக்கை ஆன் செய்வதற்கு முன் ஒப்பந்தத் தாள். இங்கே ஒரு சொல்லே ஆளை ஏமாற்றும். ஹிப்-ஹாப்பில் ‘புரொடியூசர்’ என்றால் பீட் போடுபவர். இந்தியக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் ‘புரொடியூசர்’ என்பது அந்த ஒலிப்பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்த ஆள். பீட்மேக்கர் தன்னைப் புரொடியூசர் என்று சொல்ல, காசு போட்ட ராப்பரும் தன்னைப் புரொடியூசர் என்று சொல்ல, இரண்டும் ஒரே தாளில் வந்தால் மாஸ்டர் (பதிவான இறுதி ஒலி) யாருடையது என்பதே குழம்பிவிடும். ‘இசையமைப்பு’, ‘மாஸ்டர் உரிமையாளர்’ என்று தனித்தனிச் சொல்லாக எழுதுங்கள்.

பாட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பங்குக் கணக்கு வேண்டும். ஒன்று படைப்புக்கு, அதாவது வரிக்கும் இசைக்கும். இன்னொன்று மாஸ்டருக்கு, அதாவது பதிவான ஒலிக்கு. விருந்தாளி வெர்ஸ் இருக்கும் பாட்டுக்கு நாங்கள் வைத்துக்கொண்டது: படைப்பில் இசைக்கு 50 பீட்மேக்கருக்கு, வரிக்கான 50-இல் முதன்மை ராப்பருக்கு 30, விருந்தாளிக்கு 20. மாஸ்டரில் இருவருக்கும் 45 வீதம், விருந்தாளிக்கு 10. இந்த எண்கள் வேதமில்லை. ஆனால் ‘செலவு போக’ என்ற வார்த்தையைப் போடுகிறவர்கள், எது செலவு என்று அதே தாளில் எழுதியாக வேண்டும்: மிக்ஸ் (குரலையும் இசையையும் கலப்பது), மாஸ்டரிங் (கலந்ததைக் கடைசியாகச் சீராக்குவது), கவர் ஓவியம், வீடியோ. ஹூக் மெட்டைப் பாடகரே போட்டிருந்தால் இசைப் பங்கில் அவருக்கும் இடம் உண்டு. இதைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள்.

உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் “ஓகே ப்ரோ” என்று வந்ததை நம்பி உலகம் முழுக்க வெளியிடுவது மணலில் கட்டின வீடு.

பீட் விஷயத்தில் இரண்டு பொறி. இணையத்தில் லீஸுக்கு (வாடகை மாதிரி உரிமத்துக்கு) எடுத்த பீட் உங்களுடையது மட்டும் இல்லை; அதே பீட்டில் இன்னும் பத்துப் பேர் பாடியிருப்பார்கள். அந்தப் பாட்டை யூடியூப் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வரும் வீடியோக்களைத் தானே கண்டுபிடிக்கும் அமைப்பு) சேர்த்தால் அவர்கள் வீடியோவுக்கெல்லாம் உங்கள் பெயரில் க்ளைம் (உரிமைகோரல்) போகும், அவர்கள் சேர்த்தால் உங்களுக்கு வரும். எல்லோரும் எடுக்கக்கூடிய ரெடிமேட் லூப்பை (சுற்றிச் சுற்றி ஓடும் இசைத் துண்டு) மாற்றாமல் அப்படியே போட்ட பீட்டுக்கும் இதே கதி. இரண்டாவது, பழைய சினிமாப் பாட்டுத் துண்டு. சில விநாடி எடுத்தால் தப்பில்லை என்று ஒரு விதியும் கிடையாது. பதிவுக்கு ஒரு அனுமதி, படைப்புக்கு ஒரு அனுமதி, இரண்டும் வேண்டும்.

அதைவிட நேரில் பதிவு செய்வது சுலபம், சத்தமும் உங்களுடையதாக இருக்கும். பறை வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். தோலைத் தீயில் காய்ச்சித்தான் சுதி ஏற்றுவார்கள். சூடு ஆற ஆற இறங்கும். காய்ச்சின உடனே எடுத்த டேக்கையும் முக்கால் மணி கழித்து எடுத்ததையும் ஒட்டினால் தையல் தெரியும். சின்னச் சின்னத் துண்டாக எடுங்கள், நடுவில் மறுபடி காய்ச்ச நேரம் விடுங்கள். மைக்கை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மெல்லிய நீளக் குச்சியின் அடி கிட்டத்தில் ஊசியாய்க் குத்தும். வாசித்தவர் பெயரும் கூலியும் அந்தத் தாளில் ஏற வேண்டும்.

வரி எழுதும்போது தமிழுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. பீட்டுக்காகக் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். ‘விடு’ இழுபட்டால் ‘வீடு’, ‘தொடு’ இழுபட்டால் ‘தோடு’. ஹூக்கில் நீளமாய் நிற்கும் இடத்துக்கு நெடில் உள்ள சொல்லாகப் பார்த்துப் போடுங்கள், குறில் கூட்டத்தை வேகமான இடத்துக்குத் தள்ளுங்கள். 92 பி.பி.எம்-இல் பாரைப் பதினாறாக வெட்டினால் ஒரு துண்டு 163 மில்லி விநாடி. அதற்குள் ஒரு குறில் அழகாக உட்காரும். டபுள் (அதே வரியின் மேல் இன்னொரு முறை பாடும் குரல்) எடுப்பவரும் அதே இடத்தில் குறிலை முடிக்காவிட்டால் இரண்டு பேர் வேறு வேறு சொல் சொல்கிற மாதிரி கேட்கும்.

இனி ஃபைல். அதிகம் அடிபடுவது இங்கேதான். விருந்தாளிக்குப் பீட்டை எம்பி3-ஆக அனுப்பாதீர்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் ஒரு சிறு வெற்றிடம் சேரும். பொதுவாக அது 25 மில்லி விநாடி அளவு. அதன் மேல் பாடி அவர் அனுப்பும் குரலை உங்கள் அசல் பீட்டின் மேல் வைத்தால், எல்லா வரியும் கொஞ்சம் பின்னால் விழும். “ஃப்ளோ சரியில்லையே” என்று ஆளைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். ஆளிடம் ஒரு குறையும் இருக்காது. ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாக அனுப்புங்கள். வாட்ஸ்அப் என்றால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

இன்னொன்று சாம்பிள் ரேட், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்ற எண். உங்கள் புராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸ், அவர் வீடியோ வேலைக்காக 48-இல் வைத்திருக்கிறார். மென்பொருள் மாற்றாமல் அப்படியே ஓட்டினால் குரல் எட்டு சதவீதம் மெதுவாகி, ஒன்றரை அரைச்சுரம் இறங்கிக் கனத்துக் கேட்கும். “வாய்ஸ் செம பேஸா இருக்கே” என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

நாங்கள் அனுப்பும் பொட்டலத்தில் இருப்பது: பீட் வேவ், ஹூக் பாடிய மாதிரி, பி.பி.எம்-மும் சுதியும் எழுதிய ஒரு குறிப்பு. திரும்பக் கேட்பது: 24 பிட் வேவ், உச்சம் மைனஸ் 10 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள், மெயின், டபுள், ஆட்லிப் (வரிக்கு நடுவே போடும் சின்னச் சொல், சத்தம்) தனித்தனி ஃபைல், அவர் வெர்ஸ் 40-ஆவது பாரில் தொடங்கினாலும் எல்லா ஃபைலும் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும். எஃபெக்ட் எதுவும் ஏற்றாத பதிவு ஒன்று, அவர் ரசனைக்கு எஃபெக்ட் போட்டது ஒன்று. பின்னது அவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் ஜிப் செய்து இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கும்போது சில நேரம் பெட்டி பெட்டியாய் வரும்.

வீட்டில் பாடுகிறவருக்குச் சொல்ல வேண்டியது: ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்தி, பத்து நிமிடம் பாடிவிட்டுப் போட்டுக்கொள்ளட்டும். போர்வையைப் பாடுகிறவரின் முதுகுப்பக்கம் தொங்கவிடுங்கள். கார்டியாய்டு மைக் முன்னாலிருந்து வருவதைத்தான் பிடிக்கும், அதாவது அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரின் எதிரொலியை. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது எடுத்த டேக்கில் இரைச்சல் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் ஹம் நின்றால் சார்ஜரும் எர்த்தும்தான் காரணம், பேட்டரியிலேயே எடுங்கள். ஹெட்போனைச் சத்தமாக வைத்தால் டேக்கில் பீட்டின் ஹை-ஹாட் (சிம்பல் சத்தம்) கசியும். பின்னால் பீட்டை மாற்றினீர்கள் என்றால் பழைய ஹை-ஹாட் பேய் மாதிரி குரலோடு கூடவே வரும்.

மிக்ஸுக்குப் பீட்டை ஒரே ஸ்டீரியோ ஃபைலாகக் கொடுத்தால் மிக்ஸ் செய்பவர் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. கிக், 808 (கனத்த பேஸ் ஒலி), மெலடி, பெர்கஷன் எல்லாம் தனித்தனி ஸ்டெம் (ஒலி ஃபைல்). நான்கு பேர் நான்கு மைக்கில் பாடியிருப்பதால் குரல்களை முதலில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக்கிவிட்டுத்தான் ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) பக்கம் போக வேண்டும். மிக்ஸை ஃபோன் ஸ்பீக்கரில் மோனோவில் கேளுங்கள். ப்ளக்-இன் போட்டு அகலப்படுத்திய ஆட்லிப்புகள் மோனோவில் காணாமல் போகும். 808-உம் ஃபோனில் கேட்காது, அதற்கு மேல்பக்க ஒலி கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

மாஸ்டரிங்கை ஒன்பது பாட்டுக்கும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் கொடுங்கள். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமப்படுத்துகிறது. அதைவிடச் சத்தமான மாஸ்டர் என்றால் ட்ரூ பீக்கை (ஒலியின் உண்மையான உச்சம்) மைனஸ் 2 டெசிபலுக்குள் வைக்கச் சொல்கிறது. ஆல்பமாக வரிசையில் ஓடும்போது பாட்டுக்குப் பாட்டு உள்ள ஏற்ற இறக்கத்தை அது கலைப்பதில்லை, அதனால் அமைதியான பாட்டை வலிந்து ஏற்ற வேண்டியதில்லை. இன்ஸ்ட்ருமென்டலும் கெட்ட வார்த்தை நீக்கிய வடிவமும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மேடைக்கும் ரேடியோவுக்கும் கேட்கும்போது அந்த புராஜெக்ட் திறக்காது.

வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பாவது டிஸ்ட்ரிபியூட்டரிடம் (ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் போன்ற தளங்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் நிறுவனம்) ஏற்றுங்கள். கவர் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். இன்ஸ்டா ஐடி, இணைய முகவரி, கடை லோகோ எதுவும் அதில் கூடாது. கவரில் எழுதிய பெயரும் ஃபார்மில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கூட்டு ஆல்பத்தில் இருவரும் முதன்மைக் கலைஞர்கள், ஒன்பது பாட்டிலும் அதே வரிசையில். விருந்தாளியை ஃபீச்சரிங் கட்டத்தில் போடுங்கள், பாட்டுப் பெயருக்குள் தட்டச்சு செய்யாதீர்கள். ஒவ்வொருவரின் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பக்க இணைப்பையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பாட்டு அதே பெயருள்ள வேறு யாரோ ஒருவர் பக்கத்தில் போய் உட்காரும். எழுதியவர் கட்டத்தில் மேடைப் பெயர் செல்லாது, முழு நிஜப்பெயர் வேண்டும். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு எந்த எழுத்து என்று ஒருமுறை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

முழு ஆல்பத்துக்கு முன் மூன்று பாட்டைச் சிங்கிளாக விட்டால், ஆல்பம் ஏற்றும்போது அந்த மூன்றுக்கும் பழைய ஐ.எஸ்.ஆர்.சி எண்ணையே (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாள எண்) கொடுக்க வேண்டும். ஒலி, தலைப்பு, கலைஞர் வரிசை மூன்றும் மாறாமல் இருந்தால் பழைய ஸ்ட்ரீம் கணக்கு ஆல்பத்துக்குத் தொடரும். நடுவில் மிக்ஸைத் திருத்தினால் அது புதுப் பதிவு, புது எண், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. ஆகவே முதல் சிங்கிள் போவதற்கு முன்பே ஆல்பத்தின் மாஸ்டர் முழுக்கக் கையில் இருக்க வேண்டும். பிளேலிஸ்ட் தொகுக்கும் ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் பிட்ச் செய்ய (பரிந்துரைத்து அனுப்ப) முடியும், அதுவும் வெளிவராத பாட்டு, குறைந்தது ஏழு நாள் முன்பு.

உங்கள் லிரிக் வீடியோவுக்கு உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரே க்ளைம் போடுவது சகஜம். உங்கள் சேனலையும் விருந்தாளிகள் சேனலையும் விலக்குப் பட்டியலில் முன்பே சேர்க்கச் சொல்லுங்கள். காசு கொடுத்தால் பிளேலிஸ்டில் ஏற்றுகிறேன் என்று வருகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். போலி ஸ்ட்ரீம் என்று பிடித்தால் பாட்டையே இறக்கிவிடுவார்கள்.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கிடையாது. விருந்தாளிகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். அமெரிக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் அங்கே ஈட்டியதில் 30 சதவீதம் பிடிக்கலாம், இந்திய வரி ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15. வருடச் சந்தா வாங்கும் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் சந்தா யார் அட்டையில் போகிறது என்று பாருங்கள். அட்டை காலாவதியானால் ஆல்பமே கடையிலிருந்து இறங்கக்கூடும்.

ஸ்ட்ரீமிங் காசு மாஸ்டர் பக்கம் மட்டும்தான் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வரும். வரிக்கும் இசைக்கும் உரிய பங்குக்கு ராப்பர், பீட்மேக்கர், விருந்தாளி ஒவ்வொருவரும் ஐ.பி.ஆர்.எஸ்-இல் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலிக்கும் சங்கம்) உறுப்பினராகி, பாட்டை அதே சதவீதத்தோடு பதிய வேண்டும். ஒருவர் 50 என்றும் இன்னொருவர் 60 என்றும் பதிந்தால் கூட்டல் 110 ஆகி, தகராறு தீரும்வரை பணம் அங்கேயே நிற்கும். அந்தக் கையெழுத்துத் தாளின் ஸ்கேனை எல்லோருக்கும் அனுப்பி, அதைத் திறந்து வைத்துக்கொண்டே ஃபார்மை நிரப்பச் சொல்லுங்கள்.