கேற்றுக்குப் பெயின்ற் அடிக்க முதல்

எங்கள் காலத்து மாணவர் எவரைக் கேட்டாலும் பள்ளிக்கூடத்து முன்கேற்றின் சுருள்களும் மேல்மாடி விறாந்தையின் இலைக்கொடிக் கிராதியும் நினைவில் இருக்கும். மணி அடிக்கும்வரை அந்தக் கிராதியில் சாய்ந்து நின்றவர்கள்தானே நாம் எல்லோரும். அவற்றைத் திருத்தக் காசு சேர்ப்போம் என்று பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு வரும்போது மனம் நிறைகிறது. கூடவே பயமும் வருகிறது. துரு விட்டுவைத்ததை அவசரத் திருத்த வேலை அழித்த இடங்கள் உலகமெங்கும் ஏராளம்.

முதலில் அது எந்த இரும்பு என்று பார்க்கவேண்டும். கேற்றும் கிராதியும் ஒரே கறுப்புப் பூச்சில் நின்றாலும் பிறப்பு வேறு. கிராதி வார்ப்பிரும்பு, உருக்கி மணல் அச்சில் ஊற்றியது. ஒரே பூ ஒவ்வொரு பலகத்திலும் பிசகாமல் திரும்ப வரும். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த மெல்லிய கோடு ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும். கரிமம் நூற்றுக்கு 2 முதல் 4 வரை இருப்பதால் பாரம் தாங்கும், அடி தாங்காது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பருக்கை பருக்கையாக இருக்கும். கேற் தேனிரும்பு, உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தது. இரண்டு சுருள்களை அளந்தால் மயிரிழை வித்தியாசமாவது இருக்கும். நுனி மெலிந்து முடியும். கம்பிகள் துளைக்குள் புகுந்து தறையப்பட்டிருக்கும், அல்லது சிறு பட்டியால் கட்டப்பட்டிருக்கும். உடைந்தால் பிளந்த விறகுபோல நார்நாராகத் தெரியும். இரும்புக்குள் நீண்டு கிடக்கும் கசடுதான் அந்த நார். சந்தியில் வெல்டிங் புடைப்பு தெரிந்தால் அது பின்னாளில் யாரோ செய்த வேலை.

தேனிரும்பு விற்பனைக்காக உற்பத்தியாவது பிரித்தானியாவில் 1970களோடு நின்றுவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் மென் உருக்கு. ஆகவே பழைய கேற்றிலிருந்து வெட்டி எறியும் ஒவ்வொரு கம்பியும் கடையில் திரும்ப வாங்கமுடியாத பொருள்.

வார்ப்பு வேலையின் கதை வேறு. கிளாஸ்கோவில் வால்ற்றர் மக்பார்லேனின் சரசன் வார்ப்பாலை போன்றவை 19ஆம் நூற்றாண்டில் தூண், கிராதி, நீரூற்று என்று எல்லாவற்றையும் இலக்கமிட்ட பட்டியலாக அச்சிட்டுக் கடல்கடந்து அனுப்பின. அதனால் ஒரே இலை பல நாடுகளில் துளிர்த்தது. பலகத்தின் அடியில் பூச்சுத் தடித்த இடத்தை மெதுவாகச் சுரண்டினால் வார்ப்பாலைப் பெயரோ மாதிரி இலக்கமோ கிடைக்கலாம். சாய்சதுரக் குறி இருந்தால் அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பிரித்தானியாவில் பதிவானது. ஒரு நகரத்தின் பால்கனித் தாங்கிகள், விளக்குக் கம்பங்கள், சுழற்படிகளை இப்படி இலக்கத்தோடு படம் எடுத்துப் பட்டியலிட்டால், ஒரு வீட்டில் உடைந்த துண்டுக்கு அடுத்த தெருவில் மாதிரி கிடைக்கும். மெல்பேணில் இருக்கும் நம்மவர்கள் பழைய தொடர்வீடுகளின் சரிகைபோன்ற இரும்பு வேலைப்பாட்டைப் பார்த்தாலே இந்த அருமை விளங்கும்.

இரும்பைத் தின்பது தேங்கும் தண்ணீர். சுருளும் கம்பியும் தொடும் இடுக்கு, பட்டியின் உட்பக்கம், இலையின் குழி, கம்பி கல்லுக்குள் இறங்கும் அடி ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிட ஆறேழு மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்கத்தில் தறையாணி அறும், கருங்கல்லும் வெடிக்கும். அந்தக் காலத்தில் கம்பியைக் கல்துளையில் நிறுத்தி உருக்கிய ஈயம் ஊற்றி இறுக்கினார்கள். லண்டனில் 1941 தொடக்கம் போர்த்தேவைக்கு அறுத்தெடுத்த கிராதிகளின் அடிக்கட்டைகளை மதில்களில் இன்றும் காணலாம். சுற்றிலும் அந்த ஈய வளையம் இருக்கும். அடியைச் சுற்றிச் சீமெந்து மட்டும் பூசினால் அது சுருங்கி விலகி, தண்ணீர் நிற்கும் கிண்ணமாகிவிடும். பூசுவதானால் வெளிப்பக்கம் சரிவு விடவேண்டும். உள்ளீடற்ற வார்ப்புத் தூண்கள் மழைநீர்க் குழாயாகவும் வேலை செய்வதுண்டு. அவற்றின் அடிவாய் அடைபட்டால் தூண் உள்ளிருந்தே அரிக்கும்.

பழைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நனைக்காமல் உலர்ந்தபடி தேய்ப்பதும் சுவாலை பிடித்து எரிப்பதும் கூடாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைத் துணியில் சேர்த்து அகற்றவேண்டும். அதற்கு முன், மறைவான ஓரிடத்தில் ஒரு சதுர அங்குலத்தைப் படிப்படியாக நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உரைதாள்) தேய்த்தால் பழைய நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். எல்லாம் கறுப்பாகத்தான் இருந்தது என்ற எண்ணம் பல இடங்களில் அங்கேயே உடைந்துபோகும். தேனிரும்புக்கு மணல்வீச்சு வேண்டாம்; சம்மட்டித் தடமும் உலையில் படிந்த காப்புத்தோலும் சேர்ந்து போய்விடும். கம்பித் தூரிகையும் பொறுமையும் போதும். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை உரிக்கவே தேவையில்லை.

சுத்தம் செய்த இரும்பை அன்றைக்கே மூடவேண்டும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 85ஐத் தாண்டினால் தூரிகையைத் தொடாதீர்கள். சிங்க் பொஸ்பேற் பிரைமர் இரண்டு தரம், அதன்மேல் மைக்கா இரும்பு ஒட்சைட்டு கலந்த இடைப்பூச்சு ஒரு தரம், மேற்பூச்சு இரண்டு தரம். கூர் விளிம்புகளில் பூச்சு தானாகவே மெலியும். அங்கே ஒவ்வொரு தரமும் தனியாக ஒரு கோடு கூடுதலாக இழுக்கவேண்டும். இடுக்குகளைப் பிரைமருக்குப் பிறகு நெகிழும் பசையால் அடைக்கலாம். பவுடர் கோட்டிங் நீண்டகாலம் உழைக்கும் என்று சொல்வார்கள். சந்தி நிறைந்த பழைய வேலையில் அது மயிரிழையாக வெடித்து, உள்ளே துரு ஓடுவதை ஒளித்துவைக்கும்.

வார்ப்பிரும்பு வெடித்தால் சாதாரண வெல்டிங் அதன் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பை உண்டாக்கும். வெடிப்புக்குக் குறுக்கே உலோகப் பூட்டுத் துண்டுகளை அடித்து இறக்கி, சூடாக்காமல் குளிர்நிலையில் தைக்கும் முறை பல இடங்களில் போதும். புதுப் பலகம் வார்ப்பதானால் பழையதை அப்படியே அச்சாக வைக்காதீர்கள். குளிரும்போது வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஒன்றளவு சுருங்கும். ஒரு மீற்றர் பலகம் பத்து மில்லிமீற்றர் குறைந்து வரும், போல்ற் துளைகள் பொருந்தாது. அந்த அளவு கூட்டிய மரமாதிரி முதலில் வேண்டும்.

கேற் தொங்குகிறது என்றால் கீழே சில்லுப் பூட்டுவதல்ல வழி. அநேகமாக கேற்றின் அடிமுளை நின்று சுழலும் கிண்ணம் தேய்ந்திருக்கும். கேற்றைத் தூக்கிக் கிண்ணத்தை மாற்றி, கிறீஸ் வைத்து, வருடம் ஒருமுறை மழைக்கு முன் மண்ணை வழித்தெடுத்தால் போதும். அப்போது கழன்று கிடக்கும் இலையோ மொட்டோ கண்ணில் பட்டால், எந்தப் பலகத்தின் எந்த மூலை என்று சீட்டுக் கட்டி அலுவலகத்தில் வைக்கச் சொல்லுங்கள். மரமாதிரி செதுக்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.