தார்ப்பாயில் ஏறி வந்த பச்சை

ஐப்பசியில் நாலு பை போட்டேன். வீட்டுக்குக் கிடைத்தது மொத்தம் 180 கிராம் சிப்பிக்காளான். வெங்காயத்தோடு வதக்கியதில் ஆளுக்கு ரெண்டு கரண்டி. இப்போது சித்திரை. நடுவில் நடந்ததை நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியில் முப்பது தொட்டியில் கத்தரி, தக்காளி, அவரை என்று வைத்திருக்கிறேன். வைக்கோலில் காளான் எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டிக்குப் போட்டால் உரச்செலவு குறையும் என்பதுதான் கணக்கு. வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருநாள் பயிற்சிக்குப் போய், ரெண்டு பாக்கெட் காளான் வித்து வாங்கி வந்தேன். வெந்த சோளமணியில் வெள்ளைப் பஞ்சு படர்ந்தது போல இருக்கும். ஒரு பாக்கெட் ரெண்டு படுக்கைக்கு, அதாவது ரெண்டு வைக்கோல் பைக்குக் காணும்.

வேலை இவ்வளவுதான். வைக்கோலை ரெண்டு அங்குலத்துக்கு நறுக்கி அஞ்சு மணி நேரம் ஊறவைத்து, அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவைத்து, வடித்து, ஆறப்போடணும். கைநிறைய எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனையணும். அதுதான் 65 சதவீத ஈரம். ரெண்டடி நீளப் பாலித்தீன் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, ஓரமாக வித்து ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி அமுக்கி, வாயைக் கட்டி, துளை போட்டு, உறி மாதிரி தொங்கவிட வேண்டியது. வேகவைப்பதற்குப் பதிலாக, கிருமியைக் கொல்ல மருந்துத் தண்ணீரில் ஊறவைக்கும் முறையும் உண்டு. கார்பென்டசிமும் ஃபார்மலினும் கலப்பார்கள். அந்த வைக்கோல் கடைசியில் என் தக்காளித் தொட்டிக்குத்தானே போகப் போகிறது என்று வேகவைக்கிற வழியையே பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, மாட்டுக்குக்கூட யாரும் வைக்கோலை வேக வச்சுப் போட்டதில்ல” என்றார் அத்தை. அண்டா அவருடையது.

ஆறாம் நாள் ரெண்டு பையில் பச்சைத் திட்டு. முதலில் பாசி என்றுதான் நினைத்தேன். எட்டாம் நாள் கையகலம் ஆனது. பத்தாம் நாள் திறந்தால் பழைய மண்ணறை நாற்றம். மூன்றாவது பையில் வேறு கூத்து: ஒல்லியாக, சாம்பல் குடை பிடித்துக்கொண்டு காளான் வந்தது. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் குடையெல்லாம் கருப்பு மையாக ஒழுகிக்கொண்டிருந்தது. மைக்காளான். மழையில் நனைந்து மக்கத் தொடங்கிய வைக்கோலில், ஈரம் மிஞ்சினால் வரும் களை. குறுவை வைக்கோல் அறுப்பு மழையில் அடிபட்டது. விலை குறைவு என்று நான்தான் ஆசைப்பட்டு வாங்கினேன். நாலாவது பை கொடுத்ததுதான் அந்த 180 கிராம்.

பச்சை விஷயம்தான் என்னை ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. பயிற்சியில் கொடுத்த கையேட்டைப் புரட்டினால் அதன் பெயர் டிரைக்கோடெர்மா. மாடிக்கு ஏறி அலமாரியைத் திறந்தேன். கத்தரி வாடலுக்கும் வேரழுகலுக்கும் என்று நானே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த பொடி: டிரைக்கோடெர்மா விரிடி. ஒரு கிலோ விதைக்கு நாலு கிராம், மீதியைத் தொழுவுரத்தில் கலந்து தொட்டிக்கு. போன வாரம்தான் கலந்தேன். எங்கே கலந்தேன்? மாடித் தார்ப்பாயில். வெந்த வைக்கோலை எதில் ஆறப்போட்டேன்? அதே தார்ப்பாயில்.

டிரைக்கோடெர்மா மற்றப் பூசணத்தைச் சுற்றி வளைத்துத் தின்கிற பூசணம். மண்ணில் வேரழுகல் பூசணத்தைத் தின்றால் நமக்குக் கொண்டாட்டம். பைக்குள்ளே சிப்பிக்காளானும் பூசணம்தான், அதற்கு அந்த பேதமெல்லாம் தெரியாது. தார்ப்பாய்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பழைய வைக்கோலிலேயே இருந்திருக்கலாம். ஆனாலும் அன்றிலிருந்து காளானுக்குத் தனிப் பாய், தனி வாளி. தொட்டி வேலை பார்த்த நாளில் பைகளின் பக்கமே போவதில்லை. பச்சை பிடித்த ரெண்டு பையையும் மாடியில் திறக்காமல் தெருக்கோடிக் குப்பைமேட்டில் புதைத்தேன். பிறகுதான் உறைத்தது, அதைக் கத்தரித் தொட்டிக்கே போட்டிருக்கலாமோ என்று. சோதித்துப் பார்க்காத சரக்கு, போனது போகட்டும்.

மார்கழியில் இரண்டாவது சுற்று. இந்த முறை நனையாத, மஞ்சள் நிறம் மாறாத வைக்கோலாகத் தேடி வாங்கினேன். ஆறு பை. மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் தரையில் மணல் பரப்பி, சுவரில் சாக்கு கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். வெப்பமானி 25, 26 காட்டியது. பதினாறாம் நாள் பை முழுக்க வெள்ளை. இருபதாம் நாள் துளைகளில் குண்டூசித் தலை மாதிரி மொட்டு.

வந்த முதல் காளானைப் பார்த்தால் காம்பு விரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு. அறையை அவ்வளவு இறுக்கமாக மூடி வைத்திருந்தேன். காளானும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. கரியமிலவாயு தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். ஜன்னலைத் திறந்து கொசுவலை அடித்தேன் (ஈ வந்தால் தொலைந்தோம்). அடுத்த கொத்து உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. மூன்று அறுப்பில் ஆறு பையும் சேர்ந்து 3 கிலோ 700 கிராம். ஒரு பைக்கு அரை கிலோ காய்ந்த வைக்கோல்தான் போட்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பறிக்காமல் விட்டுவிட்டேன். குடை ஓரம் மேலே சுருண்டு, மறுநாள் அறையெங்கும் வெள்ளைத் தூசி. அது வித்துத்தூள். அத்தைக்கு மூன்று நாள் இருமல். இப்போது ஓரம் சுருளும் முன்பே பறித்துவிடுகிறேன், உள்ளே போகும்போது முகக்கவசம் உண்டு. இருமல் நின்றதும் அத்தை தன் சின்ன வயதில் மழைக்கு அப்புறம் கொல்லைப் புற்றில் பறித்த புத்துக்காளான் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இடி இடித்தால் முளைக்குமாம். இடிக்குப் பங்கு உண்டோ இல்லையோ, கரையானுக்கு உண்டு. இலையும் சருகும் கொண்டுவந்து புற்றுக்குள் பூசணம் வளர்த்துச் சாப்பிடுகிற விவசாயி அது, கோடிக்கணக்கான வருஷமாக. நான் ஆறு மாதமாக.

அறுப்பு முடிந்த பைகளைப் பிரித்துத் தக்காளித் தொட்டியில் மூடாக்காகப் போட்டேன். வைக்கோலின் கடினமான லிக்னினைச் சிப்பிக்காளான் ஏற்கெனவே உடைத்துவிட்டிருந்ததால், கையில் எடுத்தால் பஞ்சுபோல் உதிர்கிறது. மூன்று வாரத்தில் அடியில் மண்புழு. சிப்பிக்காளான் இழை நூற்புழுவை மயக்கிப் பிடித்துத் தின்னும் என்பது நிஜம். என் தக்காளி வேரில் முடிச்சு போடும் நூற்புழுவை அது தொட்டதா என்பது செடியைப் பிடுங்கும்போதுதான் தெரியும். அஞ்சு தொட்டியில் மூடாக்கு, அஞ்சு சும்மா விட்டிருக்கிறேன்.

வேருக்குள் குடியிருந்து செடிக்குச் சத்து எடுத்துக் கொடுக்கிற வேர் உட்பூசணம், கடையில் ‘வேம்’ என்பார்களே, அதையும் இந்த உற்சாகத்தில் ஒரு கிலோ வாங்கினேன். கத்தரி, தக்காளி நாற்று நடும்போது வேரில் படுகிற மாதிரி குழியில் போட்டது சரி. முள்ளங்கிக்கும் அள்ளித் தூவினேன் பாருங்கள், அது தண்டம். முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பத்து வேர்கள் இந்தப் பூசணத்தோடு உறவே வைத்துக்கொள்வதில்லை.

பங்குனியில் அறை 33 காட்டியதும் சிப்பிக்காளானை நிறுத்திவிட்டேன். வெயில் காலத்துக்குப் பால்காளான். வேகவைப்பதும் வித்து போடுவதும் அதே மாதிரி. பிறகு படுக்கையை ரெண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மேல்மண் முக்கால் அங்குலத்துக்குப் பரப்பணும். மண்ணையும் வேகவைக்கிறேன் என்றதும் அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அண்டாவை எடுத்துக் கொடுத்தார். மேல்மண் போட்டு இன்று ஆறாம் நாள். மண்தான் தெரிகிறது. வடக்கு ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ நூல் ஓடுகிறது. பச்சை இல்லை, ரெண்டு தடவை விளக்கடித்துப் பார்த்துவிட்டேன்.