கிடங்கின் பூட்டும் ஜெனரேட்டர் அறையின் சாவியும்

பூட்டு பூட்டினபடியே இருந்தது. உள்ளே மூன்று கட்டுத் தோலைக் காணவில்லை.

பேர்ணாம்பட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் தொழிற்கூடம். முன்பக்கம் பதனிட்டு முடித்த தோலை அடுக்கும் கிடங்கு, நடுவில் ஷூ மேல்பாகம் தைக்கும் ஹால், கடைசியில் உப்புத்தோல் இறக்கும் கொட்டகையும் சுண்ணாம்புத் தொட்டிகளும். அன்று போனது சுமார் 1,800 சதுர அடி ஆட்டுத்தோல். எங்கள் விலையில் ஒன்றே கால் லட்சம்.

இன்சூரன்ஸ் இருந்ததால் தைரியமாகத்தான் இருந்தேன். சர்வேயர் வந்து பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷட்டரில் கீறல் உண்டா, கொண்டி வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். "உடைச்ச அடையாளம் எதுவுமே இல்லையே சார்" என்றார். பாலிசித் தாளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். பலவந்தமாகப் புகுந்து திருடியிருந்தால்தான் பணம். 2004-ல் உச்ச நீதிமன்றமே இப்படிப்பட்ட ஒரு பாலிசி வழக்கில், பலவந்தம் இல்லாத திருட்டு அதற்குள் வராது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கடை, கிடங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் பாலிசியில் அந்த ஒரு வரியை இன்றே தேடிப் பாருங்கள். சத்தமில்லாமல் திறந்துகொள்ளும் பூட்டால் சரக்கும் போகும், நஷ்ட ஈடும் போகும்.

பூட்டு உடையவில்லை என்றால் சாவி வைத்திருந்தவர்தானே? எங்கள் வாட்ச்மேன் அண்ணன் பதினெட்டு வருஷமாக எங்களிடம் இருந்தவர். அவரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அப்பா அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். நான் சாவிக்கொத்தை அவர் கையிலிருந்து வாங்கி என் மேஜைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "தம்பி, டார்ச் லைட்ட உங்க ரூம்ல வச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்துப் பக்கத்துக் கொட்டகையில் இரவில் யாரோ சங்கிலியை அறுத்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் கதவு ஒவ்வொன்றையும் விஷயம் தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வேலூர் லாங்கு பஜார் பக்கம் பூட்டு ரிப்பேர் செய்யும் பாய் ஒருவரைப் பிடித்தேன். பெரிய பூட்டாகப் பத்துப் பதினைந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். அவர் விற்க மறுத்துவிட்டார். "மொதல்ல கதவக் காட்டு தம்பி. பூட்டு கடைசில." அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் வழியாக பஸ் ஏறி வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை, அதில் ஸ்க்ரூடிரைவர், அளவுகோல், சாக்பீஸ்.

மெயின் கேட்டில் அவர் பூட்டின் பக்கமே போகவில்லை. கீல் இருக்கும் பக்கம் உட்கார்ந்தார். எங்கள் கடப்பாரையைக் கேட்டு வாங்கிக் கதவுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். அத்தனை பெரிய இரும்புக் கதவு கீலை விட்டு இரண்டு விரற்கடை எழும்பியது. இன்னும் ஒரு ஆள் இருந்தால் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிடலாம். இருபது வருஷமாக அந்தக் கேட்டை நான் தினமும் பூட்டி, இழுத்துப் பார்த்து, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். மேல் கீலுக்கு மேலே ஒரு இரும்புத் துண்டைப் பற்றவைத்தால் கதவு எழும்பாது. ஐந்து நிமிட வேலை. அடுத்தது சங்கிலி. "பூட்டு கைகனம் கீது. சங்கிலி சுண்டு விரல்ல பாதி. அறுக்க வர்றவன் எத அறுப்பான்?" என்று கேட்டுவிட்டு சாக்பீஸால் கேட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

உப்புத்தோல் கொட்டகையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கொண்டிக்குப் போன தீபாவளிக்குத்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தோம். பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. பாய் ஸ்க்ரூடிரைவர் முனையை அதன் ஓரத்தில் வைத்து லேசாகக் கிளறினார். பெயின்ட்டோடு சேர்ந்து துரு ஏடு ஏடாக, பொரித்த அப்பளம் நொறுங்குவது போல் கீழே உதிர்ந்தது. ஐந்து மில்லிமீட்டர் பட்டையில் மிச்சம் இரண்டு இருந்தால் அதிகம். தோலிலிருந்து வடியும் உப்புத்தண்ணீர் இரும்பை இப்படித் தின்றுவிடுகிறது. சுண்ணாம்புத் தொட்டி பக்கம் வேறு கதை. அங்கே முடி கழற்றப் போடும் சல்பைடிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு வாயு கிளம்பும். அது பித்தளையில் இருக்கும் செம்பைக் கறுக்கவைக்கும். அங்கிருந்த பித்தளைப் பூட்டு கரிக்கட்டை மாதிரி இருந்தது. சாவி பாதியில் நின்றது. சாவி சுற்றவில்லை என்று ஆட்கள் அதைப் பூட்டாமல் சும்மா மாட்டி வைத்துவிட்டுப் போவது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எண்ணெய் விட்டால் சரியாகுமே என்றேன். தோலைத் தேய்த்து மழுப்பும்போது பஃபிங் தூள் பறக்கிற இடத்தில் எண்ணெய் விட்டால் தூள் ஒட்டிக் களியாகிவிடும், அதுவும் தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்தே போகும், கிராஃபைட் தூள்தான் போட வேண்டும் என்றார். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இதே தொழிலில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது கொண்டியைச் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட்டை நம்பாதீர்கள்.

கிடங்கு ஷட்டர் பரவாயில்லை. தரையில் பதித்த வளையம் மட்டும் ஆடியது, குதிகாலால் உதைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். கொண்டியின் ஸ்க்ரூ தலை இரண்டு கதவுகளில் வெளியே தெரிந்தது. அதைக் கழற்ற பூட்டைத் தொடவே வேண்டாம். தலை வழுவழுப்பான போல்ட்டை வெளியிலிருந்து கொடுத்து, நட்டை உள்பக்கம் முறுக்கி, அதன் மேல் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் போதும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாச் சாவியையும் மேஜை மேல் கொட்டச் சொன்னார். பதினொரு பூட்டு, பதினொரு சாவி. ஒவ்வொரு சாவியையும் மற்ற பத்துப் பூட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நூற்றுப் பத்து தடவை. எனக்கு அது வெட்டி வேலையாகத்தான் பட்டது. நான் சாவியைப் போட, தம்பி மகன் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். எண்பதையும் தாண்டிவிட்டோம். ஜெனரேட்டர் அறைச் சாவியைக் கிடங்குப் பூட்டில் விட்டேன். கொஞ்சம் இறுக்கமாகப் போனது. லேசாக மேலே தூக்கித் திருப்பினேன். டக்கென்று திறந்துகொண்டது.

யாரும் பேசவில்லை. பாய்தான் பூட்டை வாங்கி மறுபடி பூட்டி, மறுபடி அதே சாவியால் திறந்தார். இரண்டும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய மலிவான ஐந்து லீவர் பூட்டுகள். சாவிப் பல்லில் வெட்டக்கூடிய வகைகள் அந்த விலையில் குறைவு. அதோடு லீவர், அதாவது பூட்டுக்குள் சாவி தூக்கிவிடும் தகடு, தேய்ந்துபோனால் கிட்டத்தட்டப் பொருந்தும் சாவிக்கும் இடம் கொடுத்துவிடும். அந்த ஜெனரேட்டர் சாவி எங்கே தொங்கும் தெரியுமா? அறைக்கு வெளியே, ஆணியில். டீசல் கொண்டுவருபவர், எலக்ட்ரீஷியன், லோடு ஏற்ற வரும் வண்டிக்காரர், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரையும் சந்தேகப்பட எனக்கு என்ன உரிமை இருந்தது என்பது மட்டும் அப்போது நெஞ்சில் குத்தியது.

அதோடு முடிந்துவிடவில்லை. தைக்கும் ஹாலின் பின்கதவை பாய் தள்ளினார். அசையவில்லை. வெளியே பூட்டு. அன்று விடுமுறை என்பதால் பூட்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வேலை நாளிலும் அப்படித்தான். துண்டுத்தோல் வெளியே போகக் கூடாது என்று அப்பா காலத்திலிருந்து வழக்கம். சாவி கேட்டில் வாட்ச்மேனிடம். உள்ளே நாற்பத்திரண்டு பெண்கள் தைக்கிறார்கள், பசை ஒட்டுகிறார்கள். அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் சட்டென்று பற்றிக்கொள்ளக்கூடியது. செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு நானே ஹாலிலிருந்து கேட்டுக்கு ஓடி, சாவி எடுத்து, சுற்றிவந்து அந்தக் கதவைத் திறந்தேன். 3 நிமிடம் 40 விநாடி. புகை இல்லாமல், பகல் வெளிச்சத்தில்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 வெளியேறும் கதவைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது: உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். திங்கட்கிழமை காலை முதல் ஷிப்ட் வருவதற்கு முன்பே நான் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டேன். இப்போது அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே குறுக்குக் கம்பி போட்டிருக்கிறோம், உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும். கடையில் பேனிக் பார் என்று கேட்டால் தருவார்கள். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது, உள்ளிருந்து திறந்தால் மணி அடிக்கும். துண்டுத்தோல் போய்விடுமே என்று அப்பா இரண்டு நாள் கோபமாக இருந்தார். போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பூட்டு வாங்கியது எல்லாம் முடிந்த பிறகுதான். கிடங்குக்கும் கேட்டுக்கும் திண்டுக்கல் பூட்டு. கையால் செய்கிற பூட்டு, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதற்காகவே பெயர் வாங்கியது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாங்கியதையும் ஒன்றோடொன்று மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் மாட்டினேன். வெளிநாட்டுப் பூட்டு வாங்குபவர்கள் அதில் ஈ.என். 12320 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கிறதா, 1 முதல் 6 வரை எந்தத் தரம் என்று பாருங்கள். எண் கூடக் கூடப் பலம் கூடும். வெல்டிங், பூட்டு, பின்கதவு எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். சாவிகளில் முன்பு அட்டையில் 'கிடங்கு' என்றே எழுதிக் கட்டியிருந்தோம். இப்போது வெறும் எண். எந்த எண் எந்தக் கதவு என்பது என் வீட்டு நோட்டில் இருக்கிறது.

சரிபார்த்த அன்று மாலை வாட்ச்மேன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சாவிகளையும் பூட்டையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் எதிரிலேயே திறந்து காட்டினேன். "தப்புப் பண்ணிட்டோம்ணே" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவர் பூட்டைக் கையில் வாங்கி இரண்டு தடவை திறந்து பார்த்தார். "இத நாம அன்னைக்கே பாத்திருக்கலாம் தம்பி" என்றார். வேலைக்கு வரக் கூப்பிட்டேன். மகன் வேண்டாம் என்கிறான் என்று சொல்லிவிட்டார்.

ஆனாலும் மறு ஞாயிறு பாய் வேலை முடித்துக் கொடுக்க வந்தபோது அவரும் வந்தார். எல்லாக் கதவும் சரியாகிவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய் சிரிக்காமல், "2021 டிசம்பர்ல தோட்டப்பாளையம் நகைக்கடையில பூட்டத் தொட்டானா? பின்சுவத்துல ஓட்ட போட்டுத்தானே உள்ள போனான்" என்றார். அந்தச் சம்பவம் வேலூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். சுமார் 16 கிலோ நகையை ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்ததைப் போலீஸ் மீட்டது. அண்ணன் இதைக் கேட்டுவிட்டு எங்களைக் கிடங்கின் பின்பக்கம் கூட்டிப்போனார். சுவரை ஒட்டி ஒரு முருங்கை மரம். அதன் கிளை நேராகக் கிடங்கின் மேல் ஜன்னலுக்குப் போகிறது. ஜன்னல் கம்பியில் ஒன்று கையோடு வந்தது.

"இத மூணு வருஷமா பாத்துக்கினுதான் கீறேன். யாரும் கேக்கல" என்றார்.

அன்றே கம்பி மாற்றினோம். கிளையை அண்ணனே ஏறி வெட்டினார்.