ஒரு நாள் சம்பளத்தில் ஒரு புத்தகம்

"அக்கா, இதை நின்னுக்கிட்டே வாசிக்கலாமா?"

ஹட்டன் புத்தகச் சந்தை, இன்று மதியம், வெளியே நல்ல மழை. பாடசாலைச் சீருடையில் ஒரு பிள்ளை, கூடவே அம்மா. அம்மா அந்தச் சிறுகதைத் தொகுப்பைத் திருப்பி முதலில் பார்த்தது விலையைத்தான், 1,200 ரூபாய். பார்த்துவிட்டு, மூலை மடங்காமல், ரொம்பக் கவனமாக, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

2024 செப்டம்பரில் அரச வர்த்தமானியில் வந்தபோது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாயாக இருந்தது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அதுவும் அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்.

என் பையிலோ பதிப்பாளர்கள் விமர்சனம் எழுதச் சொல்லிச் சும்மா கொடுத்த புத்தகங்கள்.

மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், தோட்டத்து மக்களின் பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர். அவரைப் போன்றவர்கள் யாரைப் பற்றி எழுதினார்களோ, அந்தத் தோட்டத்து மக்கள் வீட்டுப் பிள்ளைக்கே புத்தகம் எட்டாத விலையில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பதிப்பாளரைக் குறை சொல்லவில்லை, சில நூறு பிரதிகள் மட்டும் அச்சடித்தால், அதுவும் கடதாசி விற்கிற விலைக்கு, எப்படிக் குறைப்பார்கள்?

அந்தப் பிள்ளை முதல் கதையை முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அப்புறம் ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்டேன்: இனி எனக்கு ஒரு பிரதி தந்தால், தோட்டப் பாடசாலை ஒன்றுக்கும் ஒரு பிரதி தாருங்கள். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள்.

டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து ஆசிரியர்களே, உங்கள் பாடசாலை நூலகத்துக்கு என்ன வேண்டும் என்று உள்பெட்டியில் எழுதுங்கள். நானே கொண்டுவந்து தருகிறேன்.