ஆறு மாதமும் மூன்று மாதமும்

என் அக்காவால் இன்றும் பொத்தானைக் கண்ணால் பார்க்காமல் போட முடியாது. 2013-இல் அவருடைய பெருங்குடலின் இடப்பக்கக் கீழ்ப்பகுதியிலிருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி குடலின் தசையடுக்கைத் தாண்டியிருந்தாலும் வெளிப்போர்வையைத் துளைத்திருக்கவில்லை. ஆனால் உடன் எடுத்த நிணநீர்க் கணுக்களில் இரண்டில் புற்றணுக்கள் இருந்ததால் நோய் மூன்றாம் நிலையில் இருப்பதாக முடிவாயிற்று. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சுற்றுக் கீமோ, மொத்தம் ஆறு மாதம். அதில் கொடுத்த மருந்துகளில் ஒன்று ஆக்சாலிபிளாட்டின். தொடக்கச் சுற்றுகளில் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் தொட்டாலே விரல்களில் மின்சாரம் பாய்ந்தது போலிருக்கும், குளிர்ந்த நீரை விழுங்கினால் தொண்டை அடைத்துக்கொள்வது போலிருக்கும் என்பார். அவை சில நாட்களில் விலகிவிடும். எட்டாவது சுற்றை ஒட்டி விரல்நுனியிலும் பாதத்திலும் வந்த மரமரப்பு மட்டும் விலகவே இல்லை.

நோய் திரும்பவில்லை. ஆகவே நான் எழுதுவது புகார் அன்று. நான் மருத்துவன் அல்லன். எண்களோடும் அட்டவணைகளோடும் பிழைப்பு நடத்துபவன். அந்தப் பழக்கத்தில், அக்காவின் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து இந்த நோயைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளை விடாமல் படித்து வருகிறேன். தொடக்கத்தில் என் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றுதான்: ஏன் ஆறு மாதம்? நான்கு மாதமாகவோ எட்டு மாதமாகவோ இல்லாமல் ஆறு மாதம் என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்?

விடையைத் தேடிப் போனால் அது படிப்படியாகப் பின்னோக்கி இழுத்துச் செல்கிறது. இந்த நோய்க்கு இன்றும் அடிப்படை மருந்தாக இருக்கும் 5-ஃப்ளூரோயுராசிலை சார்லஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் 1957-இல் அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதைக் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று ஐயமின்றிக் காட்ட மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1990-இல் சார்லஸ் மோர்டெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குடற்புழுவுக்குக் கொடுக்கும் லெவமிசோலை அதனுடன் சேர்த்து ஓராண்டு கொடுத்தபோது மூன்றாம் நிலை நோயாளிகளிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள், லெவமிசோலை விட்டுவிட்டு, 5-ஃப்ளூரோயுராசிலின் வீரியத்தைக் கூட்டும் லூகோவோரினைச் சேர்த்தால் ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதமே போதும் என்று காட்டின. 2004-இல் வெளியான மொசைக் ஆய்வு, 2,246 பேரைக் கொண்டு, அந்த ஆறு மாதச் சட்டகத்துக்குள் ஆக்சாலிபிளாட்டினைக் கொண்டுவந்து சேர்த்தது. மூன்றாண்டுகள் நோயின்றி இருந்தோர் 72.9 சதவீதத்திலிருந்து 78.2 சதவீதமாக உயர்ந்தனர். ஆக, ஆறு மாதம் என்ற அளவு ஆக்சாலிபிளாட்டினுக்கென்று கண்டறியப்பட்டதே அன்று. முன்பிருந்த மருந்திடமிருந்து அதற்கு வந்த சீதனம். முந்தைய மருந்து நரம்பை இவ்வாறு தாக்குவதில்லை. இதுவோ உடலில் சேரச்சேர, மொத்த அளவு கூடக்கூட நரம்பைக் கெடுப்பது.

பாதியளவு கொடுத்தால் போதுமா என்று கேட்கும் ஆய்வுக்கு மருந்து விற்பவர்கள் பணம் போடுவதை எதிர்பார்க்க முடியாது. அதனால் அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு நாடுகளின் மருத்துவ ஆய்வுக் குழுக்கள் தாமே எடுத்துக்கொண்டு, ஆறு தனித்தனி ஆய்வுகளை நடத்தி, அவற்றின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதென்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐடியா என்ற இந்தக் கூட்டு முயற்சியின் முடிவு 2018-இல் வெளிவந்தது. 12,834 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மூன்று மாதம், மறுபாதிக்கு ஆறு மாதம்.

மூன்றாண்டுகள் நோயின்றி இருந்தோர், மூன்று மாதக் குழுவில் 74.6 சதவீதம், ஆறு மாதக் குழுவில் 75.5 சதவீதம். நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் வித்தியாசம். இன்னொரு பக்கம், அன்றாட வேலைகளுக்குத் தொந்தரவு தரும் அளவுக்கோ அதற்கு மேலோ நரம்புப் பாதிப்பு அடைந்தோர், அக்காவுக்குக் கொடுத்த அதே மருந்துக் கலவையைப் பெற்றவர்களில், ஆறு மாதக் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர். மூன்று மாதக் குழுவில் ஆறில் ஒருவர்.

இருந்தும், விதிப்படி பார்த்தால், இந்த ஆய்வு தன் இலக்கை எட்டவில்லை. குறுகிய சிகிச்சை நீண்டதைவிடத் தாழ்ந்ததல்ல என்று நிறுவுவதே நோக்கம். நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் அதிகபட்சம் 12 சதவீதம் கூடலாம், அதற்கு மேல் கூடாது என்று எல்லையை முன்பே வகுத்திருந்தார்கள். கிடைத்த மதிப்பீடு 7 சதவீதக் கூடுதல். ஆனால் அதன் நம்பக வரம்பின், அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய இடைவெளியின், மேல்முனை 15-ஐத் தொட்டது. எல்லையை மூன்று புள்ளி தாண்டியதால் ‘நிறுவப்படவில்லை’ என்றே எழுத வேண்டியதாயிற்று. இத்தகைய எல்லைகளை இயற்கை வகுப்பதில்லை, மனிதர்கள் கூடிப் பேசி வகுக்கிறார்கள் என்பதை என் தொழிலில் அடிக்கடி கண்டிருக்கிறேன்; ஆனால் முன்பே வகுத்த எல்லையை முடிவைப் பார்த்த பின் தளர்த்துவதும் நேர்மையன்று. வித்தியாசம் சிறிது என்பதையும் இலக்கு எட்டப்படவில்லை என்பதையும் அந்த ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள் என்பதே அவர்கள்மீது எனக்குள்ள மதிப்புக்குக் காரணம். அக்காவைப் போல் மூன்று கணுக்களுக்கு மேல் பாதிப்பும், வெளிப்போர்வையைத் துளைக்கும் கட்டியும் இல்லாதவர்களிடம் இரு குழுக்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன: மூன்று மாதக் குழுவில் 83.1 சதவீதம், ஆறு மாதக் குழுவில் 83.3. அதிலும் உடலுக்குள் 5-ஃப்ளூரோயுராசிலாக மாறும் கேப்பசிட்டபின் மாத்திரையுடன் ஆக்சாலிபிளாட்டினைக் கொடுத்தபோது மூன்று மாதமே போதுமானதாகத் தெரிந்தது. 2020-இல் வந்த ஐந்தாண்டுக் கணக்கில் உயிரோடு இருந்தோர், எல்லாரையும் சேர்த்து, மூன்று மாதக் குழுவில் 82.4 சதவீதம், ஆறு மாதக் குழுவில் 82.8 சதவீதம்.

இதையெல்லாம் ஒரு மாலை அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். பாதி மருந்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்று கேட்டு அவர் வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “அந்த நூற்றில் ஒருத்தி நானாக இருந்திருந்தால் என்னடா செய்வாய்?” என்றார். என்னிடம் விடை இல்லை. மொத்தக் கூட்டத்துக்குச் சரியான எண், தனி ஒருவருக்கு எந்தப் பக்கம் விழும் என்பதைச் சொல்வதில்லை.

அந்த இடைவெளியை அடைக்கும் முயற்சிதான் இரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனை. நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவாத இரண்டாம் நிலை நோயாளிகளில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையோடு குணமாகிவிடுகிறார்கள்; சிலருக்கே கீமோ தேவை; அந்தச் சிலர் யார் என்பதுதான் தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2022-இல் வெளியான டைனமிக் ஆய்வில் 455 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மருத்துவர் வழக்கமான அடையாளங்களை வைத்து முடிவெடுத்தார். மற்றொரு குழுவில், அறுவைக்குப் பின் எடுத்த இரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. தென்பட்டவர்களுக்கு மட்டும் கீமோ. முன்னதில் 28 சதவீதத்தினர் கீமோ பெற்றனர், பின்னதில் 15 சதவீதத்தினர். இரண்டாண்டுக்குப் பின் நோயின்றி இருந்தோர் முறையே 92.4, 93.5 சதவீதம். வழக்கமான முறையில் கீமோ பெற்றிருக்கக்கூடியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மருந்தே இல்லாமல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மலக்குடல் புற்றுநோயில் கேள்வி இன்னும் கூர்மையானது, ஏனெனில் அங்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் எடுத்துக்கொள்ளும் விலை பெரிது: நிரந்தரமாக வயிற்றில் பை, சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலுறவிலும் குறைபாடு, கருவுறும் திறன் இழப்பு. கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் பிறகு கட்டி முழுவதும் மறைந்துவிட்ட நோயாளிகளுக்கு அறுவை செய்யாமல் கண்காணிக்கலாம் என்று பிரேசிலின் ஆஞ்செலிட்டா ஹாப்ர்-காமா 2004-இல் எழுதியபோது அறுவை மருத்துவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. இன்று அது தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு முறையான வழியாகிவிட்டது.

அதற்கும் மேலே ஒரு படி 2022-இல் வந்தது. பன்னிரண்டு பேரின் முடிவை மட்டும் கொண்ட, ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்றால் பொதுவாக நான் தலைப்போடு மூடிவைத்துவிடுவேன். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஆண்ட்ரியா செர்செக் குழுவினர் நடத்திய இந்த ஆய்வை அப்படி மூட முடியவில்லை. செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் அமைப்பு சில கட்டிகளில் பழுதாகியிருக்கும். அத்தகைய கட்டியில் பிழைகள் குவிந்து, அதன் புரதங்கள் உடலின் தடுப்பாற்றலுக்கு அந்நியமாகத் தெரியத் தொடங்கும். கட்டியோ தடுப்பணுக்களின் மீதுள்ள பிடி ஒன்றைப் பற்றி அவற்றை அடக்கிவைத்திருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்தும் டோஸ்டார்லிமாப் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் கொடுத்தார்கள். முடிவு வெளியானபோது சிகிச்சையை முடித்திருந்த பன்னிரண்டு பேரிடமும் கட்டி மறைந்திருந்தது. கதிர்வீச்சோ அறுவையோ ஒருவருக்கும் தேவைப்படவில்லை. 2025-இல் வெளியான தொடர்ச்சியில் சிகிச்சையை முடித்த மலக்குடல் நோயாளிகள் 49 பேர்; 49 பேரிடமும் அதே முடிவு. மலக்குடல் கட்டிகளில் இந்தப் பழுது உள்ளவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதையும், தலைப்புச் செய்திகள் அதைச் சொல்லாமல் விட்டதால் எத்தனையோ குடும்பங்கள் வீண் நம்பிக்கையோடு மருத்துவரிடம் ஓடியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கண்டறிதலைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. கூடப் பிறந்தவருக்கு இந்த நோய் வந்தால் நமக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், அக்காவின் மருத்துவர் என்னைக் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை, செய்துகொள்ளச் சொன்னார். முந்தைய இரவு குடலைக் கழுவும் மருந்தைக் குடிப்பதுதான் துன்பம். சோதனை நடந்ததே எனக்கு நினைவில்லை. எட்டு மில்லிமீட்டர் பாலிப் ஒன்று, குடலின் உட்சுவரில் முளைக்கும் சதைமொட்டு, இருந்தது; அங்கேயே கம்பி வளையத்தால் அறுத்து எடுத்துவிட்டார்கள். அது புற்றாக மாறியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. பெரும்பாலான பாலிப்கள் மாறுவதில்லை, மாறுபவை பத்தாண்டு வாக்கில் எடுத்துக்கொள்கின்றன.

எனக்குள்ளது போன்ற கூடுதல் அபாயம் இல்லாத பொதுமக்கள் அனைவரையும் இதற்கு அழைக்கலாமா என்பதைச் சோதித்த நார்டிக் ஆய்வு 2022-இல் வெளிவந்தபோது பெரும் குழப்பம் உண்டாயிற்று. போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் ஏறத்தாழ 85,000 பேர். அழைக்கப்பட்டவர்களில் பத்தாண்டுகளில் நோய் வந்தோர் 0.98 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 1.20 சதவீதம், இறப்பில் உறுதியான வேறுபாடு இல்லை. கொலனோஸ்கோபி பயனற்றது என்று உடனே எழுதினார்கள். அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதத்தினரே வந்தார்கள் என்பதும் அந்த ஆய்வறிக்கையிலேயே இருந்தது. வராத 58 சதவீதத்தினரையும் கணக்கில் வைப்பது தவறில்லை. அது அழைப்பின் பயனை அளக்கிறது, சோதனையின் பயனை அன்று. ஓர் அரசு கேட்க வேண்டிய கேள்வி முன்னது. தனி மனிதர் கேட்பது பின்னது. வந்தவர்களை மட்டும் சரிக்கட்டிக் கணக்கிட்டபோது இறப்பு பாதியாகக் குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் வருபவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் என்பதால் அந்த எண்ணையும் முழுதாக நம்பிவிட முடியாது.

வரவழைப்பதில்தான் எளிய மலப் பரிசோதனை முந்துகிறது. மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தை ஆண்டுதோறும் தேடினால் இந்த நோயால் ஏற்படும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று மினசோட்டா ஆய்வு 1993-லேயே காட்டியிருந்தது. ஸ்பெயினின் கொலொன்பிரெவ் ஆய்வில் மலப் பரிசோதனைக்கு அழைத்தபோது 39.9 சதவீதத்தினரும் கொலனோஸ்கோபிக்கு அழைத்தபோது 31.8 சதவீதத்தினரும் வந்தனர். 2025-இல் வெளியான பத்தாண்டு முடிவில் எளிய சோதனை இறப்பைத் தடுப்பதில் மற்றதைவிடத் தாழ்ந்ததாக இல்லை. ஆனால் எளிமையை எல்லையில்லாமல் நீட்டவும் முடியாது. 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இரத்தச் சோதனை, புற்றுநோய் உள்ளவர்களில் 83 சதவீதத்தினரைக் கண்டறிந்தாலும், புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப்களில் 13 சதவீதத்தையே பிடித்தது. என் எட்டு மில்லிமீட்டர் பாலிப்பை அது பார்த்திருக்காது.

குறைப்பதைப் பற்றியே எழுதிவந்தவன், கூட்டிச் சேர்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று நடத்திய சேலஞ்ச் ஆய்வு 2025-இல் வெளியானது. கீமோ முடித்த 889 பேரில் பாதிப் பேருக்குப் பயிற்சியாளரின் துணையோடு மூன்றாண்டு உடற்பயிற்சித் திட்டம். மற்றவர்களுக்கு அறிவுரைக் கையேடு. எட்டாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தோர் 90.3 சதவீதமும் 83.2 சதவீதமும். ஆக்சாலிபிளாட்டினைச் சேர்த்ததால் கிடைத்த பலனோடு ஒப்பிடத்தக்க இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் நடையாகவே இருந்த பயிற்சி தந்திருக்கிறது.

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தார். விடியற்காலையிலோ அந்திக்குப் பிறகோ போகமாட்டார். நல்ல வெயில் ஏறிய பிறகே கிளம்புவார். பாதம் தரையில் பதிந்துவிட்டது என்பதை அவர் கண்ணால் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறார்.