பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டாக்கள்

அந்த அம்மாள் கவுண்டரில் மூன்று பொருள்களை வைத்தார். போர்வையில் சுற்றிய ஒரு ரைஃபிள், பிஸ்கட் டின் நிறையச் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள், ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்ன நோட்டு. கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறதாம். பேரன் லைசென்ஸ் எடுத்துவிட்டான், தாத்தாவின் ரைஃபிள் சட்டப்படி அவன் பெயருக்கு மாறிவிட்டது. ஆனால் எந்தக் கடையிலும் அதற்குத் தோட்டா இல்லை. "எல்லாம் இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், பார்த்துச் செய்து கொடுத்தால் போதும்" என்றார்.

பார்த்துச் செய்து கொடுத்தால் போதும். இந்த வேலையில் நான் அதிகம் பயப்படுவது இந்த வாக்கியத்துக்குத்தான்.

நியூ சவுத் வேல்ஸின் மேற்கே, கோதுமையும் செம்மறியாடும் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லாத ஒரு சிற்றூரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் கோவையில் லேத் பட்டறை, பம்பு ஷாஃப்ட் கடைசல். அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில் "பையனுக்கு மெஷின் கடையில வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், துப்பாக்கி என்ற சொல் அவள் வாயில் வராது. எனக்கும் ஊரில் இருந்தவரை துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியும், போலீஸ்காரர் தோளில் தொங்கும் த்ரீ நாட் த்ரீயும்தான். இங்கே வந்த முதல் நாள் வைஸில் மாட்டியிருந்ததும் அதே த்ரீ நாட் த்ரீ. முன்பக்க மரத்தைப் பாதியில் அறுத்து, குழலை மாற்றி, மேலே டெலஸ்கோப் பொருத்தியிருந்தார்கள். ஊர்க்காரர் ஒருவரை வேறு வேஷத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த வேஷத்துக்குக் காரணம் உண்டு. இதே மாநிலத்தில் லித்கோ என்ற ஊரில் 1912இல் தொடங்கிய ஆயுதத் தொழிற்சாலை இரண்டு உலகப் போர்களுக்கும் லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களை, அதாவது நம் த்ரீ நாட் த்ரீயை, செய்து தள்ளியது. போர் முடிந்ததும் அவை மலிவாகக் கிடைத்தன. ஆனால் நியூ சவுத் வேல்ஸில் ராணுவத் தோட்டா போட்டுச் சுடக்கூடிய துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கட்டுப்பாடு இருந்தது. சட்டம் தோட்டாவைத்தானே பிடிக்கிறது, அப்படியானால் தோட்டாவை மாற்றிவிடுவோம் என்று கிளம்பினார்கள். .303 தோட்டாவின் கூட்டை எடுத்து, 0.311 அங்குலக் குண்டு உட்காரும் கழுத்தை நெருக்கி, 0.257 அங்குலக் குண்டு உட்காரும்படி செய்தார்கள். ரைஃபிளுக்கும் அதே அளவில் புதுக் குழல். 1940களில் .303/25 பிறந்தது இப்படித்தான். இன்னும் ஒடுக்கி .303/22 என்றும் ஒன்று உண்டு. நரிக்கும் கங்காருவுக்கும் .25 போதும், தோளில் உதையும் குறைவு. சில காலம் கம்பெனிகளே இந்தத் தோட்டாவைப் பெட்டி பெட்டியாக விற்றன. அப்புறம் 1950இல் .222 ரெமிங்டன், 1955இல் .243 வின்செஸ்டர் என்று வரிசையாக வந்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ள, ரைஃபிள்கள் மட்டும் அலமாரிகளில் தங்கிவிட்டன.

இப்படி ஏற்கெனவே இருக்கும் கூட்டை நெருக்கியோ, கழுத்துக்குக் கீழே அது சரிந்து அகலும் தோளைத் தள்ளியோ ஒருவர் தன் விருப்பத்துக்கு உண்டாக்கும் தோட்டாவை வைல்ட்கேட் என்பார்கள். காட்டுப்பூனை. அமெரிக்காவில் தோட்டாக்களின் அளவுகளையும் அழுத்த வரம்புகளையும் நிர்ணயிக்க 1926இல் தொடங்கிய அமைப்பு ஒன்று உண்டு, அதன் பெயர்ச் சுருக்கத்தை நம் வாயால் படித்தால் சாமி என்று வரும். காட்டுப்பூனைகளுக்கு அந்தச் சாமியின் அருள் கிடையாது. சிலவற்றுக்குப் பிற்பாடு கிடைத்தது: .22-250 என்ற பூனையை 1965இல் ரெமிங்டன் தத்தெடுத்துக்கொண்டது. .303/25க்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. ஒவ்வொரு பட்டறைக்காரரும் தன்னிடமிருந்த ரீமர் என்ற குடையும் கருவியைக் கொண்டு சேம்பரை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையை, குடைந்தார். ஒருவர் ரீமரும் இன்னொருவர் ரீமரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே குழல்மேல் "25-303" என்று குத்தியிருந்தால் அது ஒரு பெயர், அவ்வளவுதான். அளவு அல்ல.

எனக்கு இது புரிய ஒரு விபத்து தேவைப்பட்டது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருவர் இதே மாதிரி ரைஃபிளும் அறுபது கூடுகளும் கொண்டுவந்தார். ரீலோடிங் எனக்குக் கைவந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம். சுட்ட கூட்டை டை என்ற இரும்பு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைத்துச் செத்துப்போன பிரைமரைத் தட்டிவிட்டுப் புதியது பொருத்துவது, மருந்தை நிறுத்துப் போடுவது, குண்டை உட்கார வைப்பது. லேத்தில் நின்றவனுக்கு இது என்ன பெரிய வேலை? கடையில் இருந்த .303/25 டையை மாட்டி, கூடு முழுவதையும் அடிவரை அழுத்திச் செய்தேன். டை பளபளவென்று புதிது. அதன் அளவு சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே லீ-என்ஃபீல்டின் சுபாவத்தைச் சொல்ல வேண்டும். குழலின் பின்வாயை அடைக்கும் அதன் போல்ட் முன்தலையில் பூட்டிக்கொள்ளாது, பின்பக்கம்தான் பூட்டும். சுடும்போது போல்ட் இம்மியளவு அமுங்கிக் கொடுக்கும், கூடு அதற்கேற்ப நீளும். அதோடு .303 கூடு சேம்பரில் நிற்பது அடி விளிம்பைப் பிடித்து. தோள் எங்கே இருந்தாலும் ராணுவத்துக்குக் கவலை இல்லை. சேற்றிலும் மணலிலும் தோட்டா சிக்காமல் போக வேண்டும், ஒருமுறை சுட்ட கூட்டை மறுபடி யாரும் எடுக்கப் போவதில்லை என்பதால் சேம்பரைத் தாராளமாகக் குடைந்தார்கள். நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு முறையும் தோளைப் பின்னுக்குத் தள்ளினேன், சுட்டதும் அது முன்னுக்கு ஓடியது. நீள்வதற்கான பித்தளை அடிப்பக்கச் சுவரிலிருந்துதான் வர வேண்டும். அந்த இடம் உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போனது. மூன்றாம் சுற்றில், சோதனை மேடையில், அடி தனியாகவும் உடல் தனியாகவும் பிரிந்தது. 'புஸ்' என்று சூடான காற்று கன்னத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்தேன். அன்றைக்குப் போட்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலாளி திட்டவில்லை. குழலுக்குள் மாட்டிக்கொண்ட பாதிக் கூட்டை எடுப்பதில் இறங்கினார். .303க்கான ராணுவக் கருவி இதன் ஒடுங்கிய கழுத்தில் நுழையாது. இறுக்கமான வெண்கல பிரஷ் ஒன்றைப் பின்னாலிருந்து உள்ளே திணித்து, முன்வாயிலிருந்து கம்பியால் தட்டினார். பிரஷின் முட்கள் பாதிக் கூட்டைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தன. அப்புறம் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து என் கையில் கொடுத்தார். மிச்சமிருந்த ஐம்பத்தொன்பது கூடுகளின் உட்சுவரையும் அதனால் தடவிப் பார்க்கச் சொன்னார். அடிக்குச் சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறியது. இன்னொன்றிலும். நாற்பத்திரண்டு கூடுகளில் அந்தப் பள்ளம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த நாற்பத்திரண்டையும் நானே வைஸில் வைத்து நசுக்கினேன். அதற்குப் பிறகு எந்தக் கூட்டிலும் கழுத்தை மட்டும்தான் டையில் திருத்துகிறேன், ரைஃபிள் உருவாக்கிக் கொடுத்த தோளைத் தொடுவதில்லை.

சரி, அந்த அம்மாளின் டின்னுக்கு வருவோம்.

நூற்றுப் பத்துக் கூடுகள். முதல் வேலை கழுவுவது. இங்கே அதற்கு சிட்ரிக் அமிலப் பொடி வைத்திருக்கிறார்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம், அதே பித்தளைதான். இந்தப் பித்தளைக்கு இந்தியாவில் ஒரு பழைய கதையும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் அங்கே அடுக்கி வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் தானாகவே விரிசல் விட்டன. பருவம் பார்த்து வந்ததால் 'பருவ விரிசல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. காரணம் 1921இல்தான் விளக்கப்பட்டது. குதிரை லாயங்களில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, வடிவமைக்கும்போது பித்தளைக்குள் அடைபட்ட இறுக்கத்தோடு கைகோத்துக்கொண்டது. அந்த இறுக்கத்தை மட்டான சூடு காட்டித் தளர்த்துவதுதான் மருந்து. சுட்டும் நெருக்கியும் விறைத்துப்போன கழுத்துக்கு இன்றும் அதே வைத்தியம்தான் செய்கிறோம், பர்னர் முன்னால் கூட்டைச் சுழற்றி. கழுத்துக்கு மட்டும். அடிப்பக்கம் சூடாகி இளகிவிட்டால் அந்தக் கூடு ஒரு குட்டி வெடிகுண்டு.

டின்னில் இருந்தவற்றில் பாதி பெர்டன் பிரைமர் வகை. அடியில் நடு ஓட்டைக்குப் பதில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும், தெரியாமல் டையில் விட்டால் பிரைமரைத் தட்டும் ஊசி முறியும். ஆரம்பத்தில் எத்தனை ஊசி முறித்தேன் என்று முதலாளி கணக்கு வைத்திருந்தார். இதில் ஒரு வேடிக்கை: பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்கா பாக்ஸர் முறையைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பா பெர்டன் முறையைப் பிடித்துக்கொண்டது. பெர்டன் கூடுகளை ஒதுக்கினேன்.

மிச்சத்தை வரிசையாக நிறுத்தியபோது ஏதோ இடித்தது. கண்ணுக்குத்தான் முதலில் பட்டது, மைக்ரோமீட்டர் பிற்பாடு. ஒரு கூட்டத்துக்குத் தோள் சற்று மேலே, இன்னொன்றுக்குக் கீழே. வித்தியாசம் நகக்கண் அளவுகூட இல்லை. ஆனால் எல்லாம் ஒரே ரைஃபிளில் சுட்டவை என்றால் அந்த வித்தியாசம் இருக்கவே கூடாது. சுட்ட கூடு என்பது சேம்பரின் அச்சு.

சேம்பரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். செரோசேஃப் என்று ஓர் உலோகக் கலவை உண்டு, கொதிக்கும் நீரின் சூட்டுக்கும் கீழேயே உருகிவிடும். குழலின் உள்ளே துணி அடைத்து, சேம்பரில் இதை ஊற்றினால் சற்று நேரத்தில் இறுகிச் சுருங்கும், தட்டினால் வந்துவிடும். பிறகு மெல்ல விரியத் தொடங்கி, ஊற்றி ஒரு மணி நேரம் ஆகும்போது சேம்பரின் அசல் அளவில் வந்து நிற்கும். அந்த ஒரு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த வேலை. பல் வைத்தியர் அச்சு எடுப்பதுபோல, யாரோ ஒருவர் எழுபது வருடங்களுக்கு முன்னால் குடைந்த இருட்டு கைக்கு வருகிறது. அளந்தேன். தோள் மேலே இருந்த கூட்டம்தான் இந்த ரைஃபிளுடையது. மற்ற கூட்டம் வேறு ஏதோ துப்பாக்கியில் சுட்டது.

நோட்டைத் திறந்தேன். அழகான பென்சில் எழுத்து. தேதி, காற்று, எத்தனை நரி. மருந்தின் எடை தெளிவாக இருக்கிறது. என்ன மருந்து என்ற இடத்தில் "வெள்ளை டின், போன தடவை மாதிரி". மனிதர் தனக்காக எழுதியிருக்கிறார், அவருக்கு அது போதும். பெயர் எழுதியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். 4831 என்ற ஒரே எண்ணில் இரண்டு கம்பெனி மருந்துகள் உண்டு, ஒன்று மற்றதைவிட வேகமாக எரியும். ஒன்றுக்கு எழுதிய எடையை மற்றதில் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்த எண் சொல்லாது.

அம்மாளுக்குப் போன் செய்து, வீட்டில் இதே மாதிரி இன்னொரு ரைஃபிள் இருந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவர் தம்பியிடம் இருந்தது" என்றார். இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் குழல் மாற்றிக்கொண்டு வந்தார்களாம். போர்ட் ஆர்தர் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் செத்த பிறகு, 1996இல், தம்பி தன்னிடமிருந்த எல்லாத் துப்பாக்கிகளையும் போலீஸில் ஒப்படைத்துவிட்டார். இந்த வகையை ஒப்படைக்க வேண்டிய கட்டாயமே இல்லை, அவருக்கு வேண்டாமென்று தோன்றிவிட்டது. அண்ணன் அவருடைய காலிக் கூடுகளை மட்டும் வாங்கித் தன் டின்னில் போட்டுக்கொண்டார். ஒரே நாள், ஒரே ஆள், அப்படியும் இரண்டு சேம்பர் இரண்டு அளவு. நோட்டில் எந்தப் பக்கம் எந்த ரைஃபிள் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. "அப்படியானால் நோட்டு உதவாதா?" என்றார். நரிக் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்றேன். சிரித்தார்.

கடைசியில் டின்னிலிருந்து தேறியவை முப்பத்தொரு கூடுகள். பேப்பர் கிளிப் சோதனை, கழுத்துச் சூடு, கழுத்துக்கு மட்டும் டை. மருந்து இதே மாநிலத்தில் முல்வாலாவில் செய்வது, மூடியில் தேதியோடு. அச்சிட்ட கையேடுகளில் நெருங்கிய உறவுக்காரத் தோட்டாக்களுக்குச் சொன்ன ஆரம்ப எடைக்கும் கீழே இருந்து தொடங்கி, ஐந்தைந்தாகச் சுட்டு, ஒவ்வொரு பிரைமரையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, மூன்று சனிக்கிழமை போயின. வாங்கிய கூலிக்கு இந்த நேரம் கட்டாது. முதலாளியும் அதைச் சொன்னார், சொல்லிவிட்டு அவரும் சனிக்கிழமை வந்து நின்றார்.

லீ-என்ஃபீல்டின் கட்டை அடியில் பித்தளைத் தகடு ஒன்று உண்டு, அதில் ஒரு குட்டிக் கதவு. சிப்பாய்கள் எண்ணெய்ப் புட்டியும் குழல் துடைக்கும் கயிறும் வைத்துக்கொண்ட இடம். வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியவர்கள் முன் மரத்தை அறுத்தார்களே தவிர பெரும்பாலும் இதைத் தொடவில்லை. பேரன் வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் ஓர் அட்டையில் சேம்பரின் அளவுகளை எழுதினேன். கழுத்து, தோள், விளிம்பு, குழலின் விட்டம், அச்சு எடுத்த தேதி. மருந்து எடையை எழுதவில்லை. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சுருட்டி, அந்தக் கதவைத் திறந்து உள்ளே தள்ளினேன். புட்டி ஏற்கெனவே உள்ளே இருந்தது, அட்டை போகக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.